சுல்தானின் தாடியும் இரண்டேகால் லிட்டரும்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், பிறந்தது முதல் இன்று வரை மண்ணில் எதையும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத மனிதர் ஒருவரைத்தான் காட்ட முடியும். அவர் ஆம்பூரில் எங்கள் எதிர் வீட்டில் இருந்தார். அவருடைய பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவர் சொட்டு சார்.

தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரை ஒன்றாகச் சேர்த்துச் சுத்தம் செய்யும் நிலையத்தில், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். அவர் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர் வைத்திருந்தார். அதுவும் பேனா மாதிரிதான் இருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் அதை எடுத்து ரசத்தில் தோய்த்துப் பார்த்துவிட்டு, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். சமையலில் குறை என்று நினைத்துப் பெண்ணின் அப்பா ஓடி வந்தார். "ரசத்துல ஒண்ணும் கொறை இல்லீங்க. பிரமாதமா இருக்குது. போர்த் தண்ணியில வெச்சிருக்காங்க, அவ்ளோதான்" என்று பந்தி முழுவதும் கேட்கும்படி சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானத்தில் மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு வரிசை எழுந்துவிட்டது.

இன்னொரு முறை, தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கம் ஒழுகியபடி எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. சொட்டு சார் மொபெட்டை எடுத்துக்கொண்டு துரத்தினார். யாரோ பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து டிரைவர் வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடக் கூட ஒழுகலும் கூடியது. வாணியம்பாடியில் லாரி நின்றபோது டேங்க் காலி. மொபெட்டிலும் பெட்ரோல் காலி. கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்து, "அண்ணா, உங்க வால்வு லூசா இருக்குது" என்றிருக்கிறார். டிரைவர் டேங்க்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இனிமே அது லூசா இருந்தா இன்னா சார், டைட்டா இருந்தா இன்னா சார்" என்று கேட்டாராம்.

நான் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவன். எண்ணாமல் எதையும் விட எனக்கு மனம் வராது. எண்ணி முடித்தால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்கு ஆயுசு கம்மி. எண்ணிக்கை சரியாக இருந்தாலும், எண்ணியது சரிதானா என்ற கவலை வந்துவிடும். இப்படிப்பட்ட நானும் அப்படிப்பட்ட அவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காருக்கு, எஞ்சினைச் சூடேறாமல் வைக்கும் கூலண்ட் மாற்றினோம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பக்ரீத் விடுமுறையில் ஏலகிரிக்குப் போவதாக என் மனைவி நிர்மலா முடிவு செய்திருந்தாள். மலைக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எங்கள் பழைய கார் கொதித்துப் போய் ஓரமாக நிற்பது போலவும், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பது போலவும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். பச்சையாக இருக்க வேண்டிய கூலண்ட் பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. மாற்றிவிடலாம் என்று காரை வெளியே எடுத்தேன். சொட்டு சார் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மெக்கானிக் கிட்ட சார். கூலண்ட் மாத்தணும்."

"பழச எங்க விடுவான்?"

"கீழதான்."

"கீழன்னா?"

"ரோட்டுல."

அவர் பானெட் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். காரைத் திரும்பவும் உள்ளே விடும் வரை இறங்கவில்லை.

"அது இனிக்கும் சார்" என்றார் பிறகு. "அதான் பேஜார். கசப்பா இருந்தா எந்த ஜீவனும் கிட்ட வராது. இனிப்பா இருக்கவே நாய், பூனை எல்லாம் வந்து நக்கும். கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி காலி. நானே மாத்திக் குடுக்கறேன். ஒரு சொட்டு வெளிய போவாது."

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். முழங்கால் வரை கம்பூட்ஸ், கழுத்திலிருந்து தொங்கும் ரப்பர் ஏப்ரன், ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி. பக்ரீத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. இவர் தெருவில் இறங்கி வந்த கோலத்தைப் பார்த்ததும், பக்கத்து வீட்டு ஜமீலா ஆப்பா தன் ஆட்டைக் கயிற்றோடு இழுத்து வாசலுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த ஆட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் சுல்தான். வெள்ளை உடம்பு, பழுப்புக் காது, ஒரு சாண் தாடி. ஜமீலா ஆப்பா, அதாவது ஜமீலா அக்கா, கணவர் இறந்த பிறகு தனியாக இருப்பவர். ஷூவின் மேல்பாகத்தைக் கம்பெனியிலிருந்து வாங்கி வந்து வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பார். சுல்தானைக் குட்டியாகக் கொண்டுவந்து, கீரை ஊட்டி, குளிப்பாட்டி வளர்த்தார். அந்த வருடம்தான் முதல்முறையாகத் தன் பெயரில் குர்பானி, அதாவது பக்ரீத் பலி, கொடுக்க இருந்தார். குர்பானி ஆட்டுக்கு நொண்டி, கண் குறை, நோய் எதுவும் இருக்கக் கூடாது. சுல்தான் வாசலில் வந்து நின்றாலே ஆப்பாவின் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

சொட்டு சார் ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு புறங்கையை வைத்தார். பிறகு குனிந்து கன்னத்தை வைத்தார்.

"ஆறட்டும்" என்றார்.

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து ஆறித்தான் சார் கெடக்குது."

"எஞ்சின நம்பக் கூடாது. உள்ள சூடு இருக்கறப்போ மூடியத் தொறந்தா, குக்கர் விசில கழட்டுன மாதிரி பீச்சி அடிக்கும். மொகத் தோலு வந்துடும். நம்ம ஊர்ல தோல உரிக்கறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

ஆறிய எஞ்சின் மேலும் ஆறட்டும் என்று காத்திருந்தோம். பிறகு ஒரு பழைய லுங்கியை மடித்து மூடியின் மேல் போட்டு, கால் திருப்பு திருப்பிவிட்டு, காதை வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை. முழுவதும் திறந்தார். காருக்கடியில் நீல நிறக் கெமிக்கல் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டியைத் தள்ளி வைத்தார். படுத்து, ரேடியேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினார். பழைய கூலண்ட் தொட்டிக்குள் கயிறு மாதிரி இறங்கியது. ஓரத்தில் தெறித்ததை எல்லாம் லுங்கியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

கயிறு நூலாகி, நூல் சொட்டானது. சொட்டு நிற்கட்டும், பிறகு அளக்கலாம் என்றார். அதற்குள் நிர்மலா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள். சொட்டு சார் தொட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, சொட்டு விழ மட்டும் ஒரு கீற்று இடம் விட்டு, மேலே பலகை வைத்து, பலகை மேல் செங்கல் வைத்து, செங்கல் மேல் இன்னொரு செங்கல் வைத்தார். திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். டீயைக் குடிப்பதற்கு முன் வழக்கம்போல் மீட்டரைத் தோய்த்துப் பார்த்தார். குடித்தார். நாங்கள் வெளியே வந்தோம்.

பலகை தொட்டியிலிருந்து நகர்ந்திருந்தது. செங்கல் இரண்டும் தரையில் கிடந்தன. காரின் முன்னால் சுல்தான் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் கடித்து அறுத்த கயிறு. தாடி ஈரமாக இருந்தது. வாயும் தாடியும் பச்சையாக இருந்தன.

எங்களைப் பார்த்து அது ஓர் ஏப்பம் விட்டது.

சொட்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். ஆட்டைத் தொடவில்லை. தொட்டியிடம் போனார். பரிசோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த கோடு போட்ட ஜாடியில் பழைய கூலண்டை மொண்டு மொண்டு கேனில் ஊற்றினார். நான் எண்ணினேன். நாலேகால் லிட்டர் இருந்தது. காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். மொத்தம் பிடிக்கும் அளவு ஆறரை லிட்டர் என்று போட்டிருந்தது.

"ஆறரையில நாலேகால் போனா?" என்றார்.

"ரெண்டேகால்" என்றேன். மறுபடியும் கழித்துப் பார்த்தேன். அப்போதும் ரெண்டேகால்தான் வந்தது.

"ரெண்டேகால் லிட்டர் ஒரு ஆடு குடிக்குமா சார்?" என்று கேட்டார்.

"வெயில் காலத்துல குடிக்கும் சார்."

"நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு கேட்டேன்."

கால்நடை டாக்டரம்மாவின் எண் நிர்மலாவிடம் இருந்தது. போன் போட்டுக் கொடுத்தாள். டாக்டரம்மா மாதனூரில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு கத்துவது எங்களுக்கே கேட்டது.

"மூஞ்சில இன்னா இருக்குதுன்றீங்க?"

"பச்சையா இருக்குதும்மா" என்றேன்.

"ஆட்டு வாய் பச்சையாத்தான் சார் இருக்கும்."

"கூலண்டும் பச்சைம்மா."

அங்கே மாடுகூடக் கொஞ்ச நேரம் கத்தவில்லை. பிறகு அவர் வேகமாகக் கேட்டார். "தள்ளாடுதா? வாயில நுரை இருக்குதா? மூத்திரம் ஜாஸ்தியா போவுதா? கட்டி வெச்சிப் பார்த்துக்கினே இருங்க. நான் இத முடிச்சிட்டு வர்றேன். இதுக்குன்னு முறிவு மருந்து நம்ம பக்கம் கெடைக்காது. அவசரத்துக்கு பிராந்திதான். ஒரு பாட்டில் வாங்கி வையுங்க. ஆனா நான் வந்து பார்க்காம நீங்களா ஒரு வாய் குடுக்கக் கூடாது, புரியுதா?"

போன் அணைந்தது. சொட்டு சார் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன். குர்பானிக்கு என்று வைத்திருக்கிற ஆட்டுக்குப் பிராந்தி.

"ஆப்பா கிட்ட சொல்லாம குடுத்தா அது துரோகம்" என்றார். "சொன்னா வேணாம்னுவாங்க. வேணாம்னா ஆடு போய்டும். ஆடு போச்சுன்னா அந்தம்மா கேக்கவே மாட்டாங்க சார், ஒரு வார்த்தை. அதத்தான் என்னால தாங்க முடியாது."

அந்தக் கோலத்திலேயே போய் ஆப்பாவின் வாசலில் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். ஆப்பா மடியில் ஷூத் தோலும் கையில் ஊசியுமாக உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவர் சொல்லி முடிக்கும் வரை ஆப்பாவின் ஊசி நகரவில்லை.

"குடிச்சிச்சா, குடிக்கலியா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா."

"தெரியலன்னு சொல்றதுக்கா சார் இவ்ளோ வேஷம் கட்டினீங்க?"

சொட்டு சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"காலையில நான்தான் அகத்திக்கீரையத் தண்ணியில நனைச்சுப் போட்டேன்" என்றார் ஆப்பா. "தாடியில இருக்கறது அதுவா, உங்களுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" எழுந்து வந்து சுல்தானின் தாடையைப் பிடித்து வாயைப் பார்த்தார். பிறகு பிராந்தி விஷயத்தைச் சொன்னோம். நான்தான் சொன்னேன். சொட்டு சார் தன் கம்பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆப்பா கொஞ்ச நேரம் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உசுருக்கு மருந்துன்னா மருந்துதான் அண்ணே. மொதல்ல அது நிக்கட்டும். குர்பானிக்கு ஆவுமா ஆவாதான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் கிட்ட அப்புறம் கேட்டுக்கறேன். ஆவாதுன்னா வீட்டுல நிக்கட்டும். போய் வாங்கிட்டு வாங்க."

சொட்டு சார் அன்று வரை மதுக்கடையின் பக்கம் தலை வைத்துப் படுத்தவர் இல்லை. நான் போகிறேன் என்றேன். "என் கூலண்ட், நான் போறேன்" என்று கிளம்பிவிட்டார். என் கார், என் கூலண்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதற்றத்தில் ஏப்ரனையும் கம்பூட்ஸையும் கழற்ற மறந்துவிட்டார். தலையில் மட்டும் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார். மறைத்து என்ன? ஆம்பூரில் அந்த மொபெட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. கடை வரிசையில் நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களே இருந்திருக்கிறார்கள்.

"சார், நீங்களா?" என்றாராம் ஒருவர்.

"ஆட்டுக்கு" என்றிருக்கிறார் இவர்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "எனக்கும் அதுக்குத்தான் சார்" என்றாராம் பின்னால் நின்றவர். வயதானவர், பாவம், ஆடு வேறு காத்திருக்கிறது என்று சொல்லி வரிசையில் முன்னால் விட்டிருக்கிறார்கள்.

அவர் வரும் வரை நானும் ஆப்பாவும் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடு நடந்தால் தள்ளாடுகிறதோ என்று தோன்றியது. நின்றால் சோர்ந்து நிற்கிறதோ என்று தோன்றியது. மூன்று முறை மூத்திரம் போனது. இது ஜாஸ்தியா, இல்லை வழக்கம்தானா? வழக்கமாக எவ்வளவு என்று ஆப்பாவிடம் கேட்டேன். "அத யாரு அண்ணே எண்ணுவாங்க?" என்றார். நான் புழுக்கையையும் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு ஜோடி வந்ததும் ஆடு நகர்ந்து எல்லாவற்றையும் மிதித்துக் கலைத்துவிட்டது.

சொட்டு சார் துணிப் பையோடு வந்து, மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தார். இதையெல்லாம் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நிர்மலா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"ஏங்க, வண்டி மொத்தமும் காலியாச்சா, இல்ல உள்ள பாதி நிக்குதான்னு பார்த்தீங்களா?"

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"புதுச ஊத்திப் பாருங்க. மொத்தமும் காலின்னா ஆறரை லிட்டர் பிடிக்கும். மிச்சம் ரெண்டேகாலும் உள்ளயே நின்னுச்சுன்னா நாலேகாலோட நெரம்பிடும். ஆட்டையே மொறைச்சிப் பார்த்துக்கினு இருந்தா அது இன்னா சொல்லும்?"

சொட்டு சார் எழுந்த வேகத்தில் பாட்டில் இருந்த பையை ஆப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். பிறகு நினைவு வந்து, மன்னிப்புக் கேட்டு, என்னிடம் மாற்றினார். அடித் திருகை இறுக்கினார். புதுக் கூலண்டும், பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதியாக ஒரு பக்கெட்டில் கலந்தார். கேன் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, ஊர்த் தண்ணீரை விட்டால் ரேடியேட்டர் உள்ளே உப்பு ஏடு கட்டிவிடும் என்று சொல்லிக்கொண்டே கலந்தார். அந்த நேரத்திலும் மீட்டரைத் தோய்த்துப் பார்க்கத் தவறவில்லை.

புனல் வைத்து, ஜாடி ஜாடியாக ஊற்றினார். நான் சத்தமாக எண்ணினேன். ஆப்பா சுல்தானின் காதைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். ஒன்று போனது. இரண்டு போனது. மூன்று போனபோது உள்ளே வெறும் இருட்டாகத்தான் இருந்தது. நாலில் பச்சை கண்ணுக்குத் தெரிந்தது. நாலேகாலில் கழுத்து வரை வந்து நின்றது.

"அப்போ சரியா?" என்றார் ஆப்பா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சொட்டு சார் இல்லை என்று தலையை ஆட்டினார். "இன்னும் சொல்ல முடியாதும்மா. உள்ள காத்து அடைச்சிக்கினு இருந்தாலும் இப்படித்தான் நெரம்பின மாதிரி காட்டும். எஞ்சின ஓட விட்டு காத்த வெளிய எடுக்கணும். எறங்கி, இன்னும் ரெண்டேகால் லிட்டர் கேட்டுச்சுன்னா..." சுல்தானைப் பார்த்தார்.

என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓட விட்டோம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கச் சொன்னார். அந்தக் குழாய்களிலும் காற்று நிற்குமாம். வைகாசி வெயிலில், ஆம்பூரில், ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "யாரும் மொகத்தக் கிட்ட கொண்டாராதீங்க, கொதி வந்தா தெறிக்கும்" என்று கையை விரித்து எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, அவர் மட்டும் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குபுக் என்று ஒரு குமிழ் வந்தது. மட்டம் இறங்கியது.

"எறங்குது" என்றார் மெதுவாக. நான் ஆட்டைப் பார்த்தேன். கொஞ்சம் ஊற்றினார். மறுபடி குபுக். மறுபடி இறங்கியது. மறுபடி ஊற்றினார். இரண்டும் சேர்ந்து கால் லிட்டர் ஆகியிருந்தது. ஒவ்வொரு குமிழுக்கும் சுல்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. ஆப்பா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். சுல்தான் அவருடைய முந்தானையைத் தின்ன ஆரம்பித்தது.

மூன்றாவது குமிழ் வரவில்லை. காத்திருந்தோம். மட்டம் அப்படியே நின்றது. சொட்டு சார் குனிந்து, கையுறையோடு கீழ்க் குழாயைத் தொட்டார். தொட்டபடியே இருந்தார்.

"சூடாயிடுச்சு" என்றார். "கதவு தொறந்துடுச்சு. அவ்ளோதான். இதுக்கு மேல எறங்காது."

எஞ்சினுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கிறதாம். எஞ்சின் சூடானால்தான் திறக்கும். ஆறிக் கிடந்தால் இறுக மூடிக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருந்த பழைய கூலண்ட் வெளியே வராமல் உள்ளேயே நின்றிருக்கிறது. ஆறட்டும், ஆறட்டும் என்று இவர் அதை ஆற வைத்ததில், அதுவும் நன்றாக ஆறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எனக்கு மட்டும் ஓர் உறுத்தல் இருந்தது. "உள்ள போனது நாலரை சார். வெளிய வந்தது நாலேகால். கால் லிட்டர் இன்னும் இடிக்குது."

அவர் காலையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்த லுங்கியை எடுத்து, ஜாடிக்கு மேல் வைத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். பச்சையாக இறங்கியது. ஜாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கால் லிட்டர் கோட்டுக்கு ஒரு ஸ்பூன் கீழே நின்றது.

"ஒரு ஸ்பூன் கம்மியா இருக்குது சார்."

"அது என் பனியன்ல இருக்குது."

டாக்டரம்மா வந்தபோது சுல்தான் முந்தானையை முடித்துவிட்டு ரப்பர் ஏப்ரனுக்கு வந்திருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தார், நடக்க விட்டார், வயிற்றைத் தட்டினார். தொட்டி மேல் ஏறி விளையாடிச் செங்கல்லைத் தள்ளியிருக்கும், ஆட்டுக்கு உயரமாக எதைக் கண்டாலும் ஏறத் தோன்றும் என்றார். "இது ஜம்முனு இருக்குது. இவருக்கு யாராவது பி.பி. பாருங்க" என்று சொட்டு சாரைக் காட்டிவிட்டுப் போனார். அவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டிருந்தார். சுல்தான் அவர் தோளில் தாடியைத் துடைத்துக்கொண்டது. அவர் தடுக்கவில்லை.

"பழசு உள்ள நிக்கவே, இன்னொரு தடவ வடிச்சாதான் சுத்தமாவும்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"பக்ரீத் கழிச்சு வடிங்க சார்" என்றார் ஆப்பா.

பக்ரீத் அன்று காலையில் எங்களோடு அவரும் ஏலகிரிக்கு வந்தார். கூப்பிடாமலே வந்தார். ஊரில் இருக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது தெரிந்தது. வழியெல்லாம் எஞ்சின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது நடுக் கோட்டை விட்டு அசையவில்லை. அவர் ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. பின் கண்ணாடி வழியாக ஊர் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை மேல் இறங்கியதும், "இந்நேரம் ஆயிருக்கும் இல்ல சார்" என்றார். "ஆயிருக்கும்" என்றேன். குறையில்லாத ஆடாகக் கொடுத்தேன் என்று ஆப்பா பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் இவர் தலையைக் குனிந்துகொள்வார்.

மிஞ்சியது பிராந்தி பாட்டில். திறக்கவே இல்லை. கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால் இன்னொரு முறை அந்த வரிசையில் நிற்க வேண்டும். யாருக்காவது கொடுக்க மனம் ஒப்பவில்லை. வேறு யாராக இருந்தாலும் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போயிருப்பார்கள். சொட்டு சார் எப்படி ஊற்றுவார்? பழைய கூலண்ட் கேன்களோடு சேர்த்து, பாட்டில் மேல் தமிழிலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் 'ஆட்டு மருந்து' என்று எழுதி ஒட்டி, அலமாரியில் பூட்டி வைத்தார். தெருவில் போனால், "இன்னா சார், ஆடு சௌக்கியமா?" என்று கேட்காதவர்கள் இல்லை.

போன வருடம் அவரை மகன் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டார். கேன்களை எல்லாம் கழிவு எடுப்பவர்களிடம் எண்ணி ஒப்படைத்தார். கிளம்பும் அன்று பாட்டிலைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "மருமக பார்த்தா இன்னா நெனைக்கும். கொட்டவும் முடியாது. நீங்கதான் சார் பத்திரமா வெச்சிருப்பீங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். நிர்மலா அதைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுக்கிறாள். விருந்தாளி வந்தால் நான் அதன் முன்னால் செய்தித்தாளை நிறுத்தி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் செய்கிறார். நலமா என்று கேட்பதில்லை. "அந்த மூடி டைட்டா இருக்குதா சார்?" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு நாளும் திறக்காத மூடி டைட்டாக இல்லாமல் என்ன செய்யும்? ஆனாலும் "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு எழுந்து போய், தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன். அது வரை அவரும் அந்தப் பக்கம் லைனிலேயே இருக்கிறார்.